கல்லின் மேல் சாப்பிட்டவர்

அத்தியாயம் பதினான்கு

வியாழக்கிழமை சாயங்காலம் வந்திறங்கிய வெர்னா ஹோவ்லான், சனிக்கிழமை காலைக்குள் ஒட்னியின் சமையலறையில் எந்த இழுப்பறையில் கரண்டி, எதில் கத்தி என்பதுவரை தெரிந்து வைத்துக்கொண்டாள். வயது எழுபத்திரண்டு. வடக்கு டக்கோட்டாவில் முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். அதனாலோ என்னவோ, கடைசி சீட்டுப் பிள்ளைக்கும் கேட்கிற மாதிரிதான் அவளுக்குப் பேச வரும்.

முன்னோர்கள் பிறந்த மண்ணை முதல்முறையாக மிதிக்க வந்தவளுக்கு இதுவரை ஒரே ஒரு மனக்குறைதான். வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்கு ஒட்னி மெக்சிகோக்காரர்களின் டாக்கோ செய்து வைத்திருந்தாள்.

"டாக்கோவா? இதைத் தின்னவா நான் கடல் தாண்டி வந்தேன்? சோடாக்காரத் தண்ணியில ஊறப்போட்ட கருவாடு எங்கே? எங்க ஊர் சர்ச்சில வருஷா வருஷம் போடுறோமே!"

"ஜூலை மாசத்துல அதை யாரு தின்பாங்க? நார்வேயில வெள்ளிக்கிழமைன்னா எல்லார் வீட்டுலயும் டாக்கோதான். சாப்பிடுங்க, ஆறிடும்," என்றாள் ஒட்னி.

வெர்னா முணுமுணுத்துக்கொண்டே நாலு டாக்கோ சாப்பிட்டாள்.

இரண்டு பெட்டிகளோடு அவள் ஒரு சின்ன மரப்பேழையையும் கொண்டுவந்திருந்தாள். அதற்குள் இருந்தது அவள் தம்பி மெர்ல். போன நவம்பரில் இறந்து சாம்பலானவன். கல்யாணம் செய்துகொள்ளாமல், பிறந்த ஊரைத் தாண்டாமல் கோதுமை விதைத்தே அறுபத்தொன்பது வயதைக் கடத்தியவன். சாவதற்கு முன் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "என்னைக் கொண்டுபோய் ஹோவ்லான் ஆளுங்களோட வச்சிடு."

பேழை இப்போது முன்னறை அலமாரியில் வானொலிப் பெட்டிக்கும் நீலக் கூஜாவுக்கும் நடுவே இருக்கிறது. காலையில் தூசி தட்டும்போது ஒட்னி அதை நகர்த்தாமல் சுற்றித் துடைத்துவிட்டு, "கொஞ்சம் பொறுத்துக்கோ மெர்ல்" என்று சொல்லிக்கொள்கிறாள்.

நாளை ஞாயிறு. ஆராதனை முடிந்து ஒரு மணிக்கு ஹோவ்லான் குடும்பக் கல்லறையில் மெர்லை இறக்க வேண்டும். சர்ச் அலுவலகத்தில் அனுமதி வாங்கியாயிற்று. குழியும் தோண்டியாயிற்று. எல்லாம் ஒட்னியின் கணவர் தோர்லைவின் ஏற்பாடு.

தோர்லைவுக்கு அறுபத்தாறு வயது. கூடப்பிறந்தவர்கள் இல்லை, பிள்ளைகளும் இல்லை. ஹோவ்லான் பண்ணைக்கு அவரே கடைசி ஹோவ்லான். அவருடைய கொள்ளுத்தாத்தாவுக்கு ஆண்டெர்ஸ் என்று ஒரு தம்பி. 1881-இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியவர். அவருடைய கொள்ளுப்பேத்தி என்று சொல்லிக்கொண்டு இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெர்னாவின் முதல் கடிதம் வந்தது. அன்றிலிருந்து மனிதருக்கு நடையே மாறிவிட்டது. தபால்பெட்டிவரை நடந்துபோக வேண்டாம் என்று மருத்துவர் சொன்ன முழங்காலோடு தினம் இரண்டு தடவை போய்வந்தார்.

சனிக்கிழமை காலையில் அவர் முன்வாசல் கதவைக் கழற்றி மரத் தாங்கிகள்மேல் போட்டு இழைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கதவை ஒட்னி வாழ்க்கைப்பட்டு வந்த முப்பத்தெட்டு வருஷத்தில் மூன்றே தடவைதான் திறந்திருக்கிறார்கள். அவள் மணப்பெண்ணாக உள்ளே வந்தபோது ஒரு தடவை. மாமனாரின் சவப்பெட்டி வெளியே போக ஒரு தடவை, மாமியாருடையதற்கு ஒரு தடவை. மற்றபடி தபால்காரர் முதல் மாவட்ட ஆட்சியர் வரை எல்லோருக்கும் சமையலறை வாசல்தான். வியாழக்கிழமை வெர்னாவுக்காக அதைத் திறக்கப் பார்த்தார் தோர்லைவ். மரம் ஊறி உப்பியிருந்ததில் அசையவே இல்லை. கோட்டுப் போட்டுக்கொண்டு முன்படியில் கையை விரித்தபடி அவர் நிற்க, வெர்னா காரிலிருந்து இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு விறகு அடுக்கைத் தாண்டி நேராகச் சமையலறைக்குள் வந்துவிட்டாள். மரியாதை தெரிந்த பெண்மணி, சங்கடப்படுத்த வேண்டாம் என்று நினைத்தாள் போல என்று ஒட்னி எண்ணிக்கொண்டாள்.

"நாளைக்கு மெர்ல் இந்த வாசல் வழியாத்தான் போகணும்," என்று தோர்லைவ் இழைப்புளியைத் தள்ளிக்கொண்டே சொன்னார். "ஹோவ்லான் ஆளுங்க எல்லாரும் இப்படித்தான் போயிருக்காங்க. இன்னிக்கு மூணு மணிக்கு நானும் கசினும் படியில நின்னு ஒரு படம் எடுத்துக்கறோம். நீதான் எடுக்கணும்."

"நான் படத்துல வேண்டாமா?"

"நீ எடுத்தாத்தான் தலை வெட்டாம வரும்."

ஒட்னி துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

கொல்லையில் வெர்னா காப்பிக் கோப்பையோடு உலாத்திக்கொண்டிருந்தாள். காட்டுச் செர்ரி மரத்தடிக்கு வந்ததும் நின்றாள். மரத்தடியில் முழங்கால் உயரத்தில் ஒரு தட்டைக் கல். ஒட்னி மீன் வெட்டுவது அதன்மேல்தான்.

"ஐயோ, இதுதானா அது? ஒட்னி! இதுதானே அந்தக் கல்?"

"எந்தக் கல்?"

"கொள்ளுத்தாத்தா ஆண்டெர்ஸ் சாப்பிட்ட கல்லு! எங்க தாத்தா செவெரின் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இதைச் சொல்லாம விடமாட்டாரு. 'ஹோவ்லான்ல எங்கப்பா உள்ள உட்கார்ந்து சாப்பிட்டதே கிடையாது. சமையலறை வாசலுக்கு எதிர்ல, செர்ரி மரத்தடியில ஒரு கல்லு. அது மேலதான் சாப்பாடு'ம்பாரு. மனுஷனுக்குக் காத்தோட்டமா இருந்தாத்தான் சோறு இறங்குமாம். மெர்லும் அப்படியே. அறுப்பு நாள்ல டிராக்டர் படியிலதான் உட்கார்ந்து தின்பான். 'இது ஹோவ்லான் ரத்தம்'னு பெருமை அடிச்சுக்குவான்."

ஒட்னியின் கையில் துணிக்கவ்வி அப்படியே நின்றது.

"உங்க கொள்ளுத்தாத்தா சம்சாரம் பேரு என்ன?"

"மார்த்தா. ஏன் கேக்கறே?"

"சும்மாதான்."

சும்மா இல்லை. பண்ணை வீட்டுப் பிள்ளை எவனும் அந்தக் கல்லில் உட்கார்ந்ததில்லை. அதில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் குடிசைக்காரர்கள். பண்ணை நிலத்தின் ஓரத்தில் ஒரு குடிசை, கையகலத் துண்டு பூமி, அதற்குப் பதிலாக வருஷம் பூராவும் பண்ணையில் வேலை. சாப்பாடு பண்ணையில்தான், ஆனால் வாசற்படி தாண்டிக் கிடையாது. தட்டு வெளியே வரும்.

ஒட்னிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் கொள்ளுப்பாட்டி ப்ரித்தா இதே ஹோவ்லானுக்குக் கீழ் தெய்கன் என்ற குடிசையில் பிறந்தவள். ஒட்னியின் கல்யாணத்தன்று அவள் அப்பா ஷூர், கடன் வாங்கிய கோட்டும் பளபளக்கும் பூட்சுமாக வந்து, முன்வாசல் அகலத் திறந்திருந்தும், கால் பழக்கத்தில் வீட்டைச் சுற்றிக்கொண்டு சமையலறைப் பக்கம் போய்விட்டார். விருந்தாளிகள் சிரித்தார்கள். மறுநாள் மாமியார் புது மருமகளிடம், "உனக்குச் சமையலறை வாசலைக் காட்ட வேண்டியதில்லையே, உங்க ஆளுங்களுக்கு அது தெரிஞ்ச வழிதானே?" என்று கேட்டார். அந்த ஒரு வாக்கியத்தை ஒட்னி முப்பத்தெட்டு வருஷமாகக் கெட்டுப்போகாமல் வைத்திருக்கிறாள்.

வியாழக்கிழமை வெர்னாவின் கால் திரும்பியதும் அதே பக்கம்தான்.

ஒட்னி துணி காயப்போடுவதைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே போனாள்.

அந்தப் பள்ளத்தாக்கில் எல்லார் வீட்டிலும் ஊர்ப் புத்தகம் இருக்கும். எந்தப் பண்ணையில் யார் பிறந்தார், யாரைக் கட்டினார், எப்போது செத்தார், எந்த வருஷம் அமெரிக்கா போனார் என்று பைபிளைவிடத் தடியாக ஐந்து பாகம். ஹோவ்லான் மூன்றாம் பாகத்தில் வரும். வந்த அன்றே வெர்னா அதைக் கேட்டாள். "அது பைண்டிங்குக்குப் போயிருக்கு" என்றார் தோர்லைவ். ஒட்னியும் நம்பினாள். அவளுக்கு அந்தப் பாகத்தைத் தொடவே பிடிக்காது. பண்ணைக்காரர்கள் பெரிய எழுத்தில் வருவார்கள். குடிசைக்காரர்கள் கடைசியில், பொடி எழுத்தில்.

கணவரின் மேசையில் கீழ் இழுப்பறையில், டிராக்டர் காகிதங்களுக்கு அடியில் இருந்தது மூன்றாம் பாகம். பைண்டிங் நன்றாகவே இருந்தது.

பெரிய எழுத்தில் முதலில் பார்த்தாள். ஆண்டெர்ஸ், ஹோவ்லானின் இரண்டாவது மகன். பிறப்பு 1857. அமெரிக்கா போனது 1881. சிகாகோவில் இறந்தது 1883. மணமாகாதவர்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பொடி எழுத்துக்கு வந்தாள். தெய்கன் குடிசை. நில்ஸின் பிள்ளைகள்: ஆண்டெர்ஸ், பிறப்பு 1858. மனைவி மார்த்தா. மகன் செவெரின். பண்ணைக்காரர் மேய்ச்சலுக்கு நிலம் கேட்டதால் 1882 ஏப்ரலில் குடிசை காலி செய்யப்பட்டது. அதே ஆண்டு அமெரிக்கா. அடுத்த வரியில், ப்ரித்தா, பிறப்பு 1864. பக்கத்து ஊருக்கு வேலைக்குப் போனாள்.

எந்தப் பண்ணை மண்ணிலிருந்து கிளம்பினார்களோ அந்தப் பண்ணைப் பேரையே அமெரிக்காவில் வைத்துக்கொள்வது அந்தக் காலத்து வழக்கம். பண்ணையின் மகனும் ஹோவ்லான்தான், பண்ணை துரத்திவிட்டவனும் ஹோவ்லான்தான். பிள்ளையில்லாமல் செத்த ஆண்டெர்ஸ் பேரில் இரண்டு வருஷமாகக் கடிதப் போக்குவரத்து நடந்திருக்கிறது.

பொடி எழுத்தில் செவெரின் என்ற பேருக்கு அடியில் பென்சில் கோடு இருந்தது. ஓரத்தில் 'வெர்னா' என்று எழுதியிருந்தது. கையெழுத்து தோர்லைவுடையது.

ஒட்னி புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனாள். தோர்லைவ் கதவின் விளிம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். சுருள் சுருளாகச் சீவல் அவர் பூட்ஸை மூடியிருந்தது.

"பைண்டிங் முடிஞ்சு வந்துடுச்சு போல," என்றாள்.

அவர் புத்தகத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

"எதுவரைக்கும் படிச்சே?"

"பொடி எழுத்து வரைக்கும்."

"முதல் கடுதாசி வந்தப்போ எனக்கு ஒண்ணும் தெரியாது ஒட்னி. சத்தியமா. மூணாவது கடுதாசியிலதான் செவெரின்னு பேர் எழுதியிருந்தா. அப்புறம்தான் எடுத்துப் பார்த்தேன். அதுக்குள்ள அவ 'அன்புள்ள கசின்'னு எழுத ஆரம்பிச்சுட்டா. எனக்கு யாரு அப்படி எழுதியிருக்கா சொல்லு."

"அதனால?"

"அதனால ஒண்ணுமில்ல. பதில் எழுதினேன். அவ்வளவுதான். யாருக்கு என்ன நஷ்டம்? எனக்கு அப்புறம் அந்தக் கல்லறையில படுக்க ஆளே இல்ல. ஹோவ்லான்னு பேர் வச்ச ஒருத்தன் வந்து படுக்கட்டுமே. சாம்பலுக்கு என்ன தெரியப்போகுது?"

"யாரு பக்கத்துல படுக்கப் போறான்னு தெரியுமா உனக்கு? அவனோட கொள்ளுத்தாத்தாவைக் கைப்பிள்ளையோட வெளிய அனுப்பினவர் பக்கத்துல. மாடு மேய்க்க இடம் வேணும்னு."

"நூத்தி முப்பது வருஷம் ஆச்சு."

"உங்கம்மாவுக்கு ஆகல. நான் வந்த மறுநாளே எனக்கு ஞாபகப்படுத்தினாங்க."

தோர்லைவ் இழைப்புளியைக் கையில் எடுத்தார். ஒட்னிக்கு அப்போதுதான் கோபம் வந்தது. சாதாரணமாகக் குரலை உயர்த்தாதவள். இன்று தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

"அவ என் சொந்தம் தோர்லைவ். ப்ரித்தாவோட அண்ணன் வழி. முப்பத்தெட்டு வருஷமா உங்க ஆளுங்க படத்துக்கெல்லாம் நான் தூசி தட்டுறேன். என்னைத் தேடி உலகத்துலேயே ஒரே ஒரு ஆள் வந்திருக்கா. அவளையும் நீயே எடுத்துக்கிட்டியே!"

அவர் முகம் கழுத்துவரை சிவந்தது.

"ஒரு நாள் பொறு," என்றார், மிகவும் தணிந்த குரலில். "நாளைக்கு முடியட்டும். அப்புறம் நானே சொல்லிடறேன்."

"மண்ணைப் போட்டு மூடினப்புறமா?"

அவர் இழைக்கத் தொடங்கினார். இனி இழைக்க அந்தக் கதவில் ஒன்றும் பாக்கி இல்லை.

சமையலறைக்குத் திரும்பி ஒட்னி கொஞ்ச நேரம் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொன்னால் புருஷனுக்குத் தலைகுனிவு. எழுபத்திரண்டு வருஷமாகப் பெருமையாக வைத்திருந்த பேரை ஒரு கிழவியிடமிருந்து பிடுங்கின மாதிரியும் ஆகும். சொல்லாவிட்டால் நாளை ஒரு மணிக்கு மெர்ல் போய்ச்சேருவது துரத்தியவர் பக்கத்தில். குழி திறந்திருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் இடம் மாற்றலாம். மூடிவிட்டால், மறுபடி தோண்டி எடுக்கப் பாதிரியாரில் தொடங்கி மாநில அலுவலகம் வரை மனுப் போட வேண்டும்.

ரொட்டி நறுக்கினாள். பழுப்புச் சீஸை மெல்லிசாகச் சீவி வைத்தாள். தட்டையும் கத்தியையும் வெண்ணெயையும் எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தாள்.

வெர்னா கல்லின்மேல் உட்கார்ந்து முகத்தை வெயிலுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்ல காத்து," என்றாள் வெர்னா. "தாத்தா பொய் சொல்லல."

"வெர்னா, உங்க கொள்ளுத்தாத்தா காத்து வாங்க வெளியில சாப்பிடல."

ஒட்னி நின்றுகொண்டே சொன்னாள். சுற்றி வளைக்க அவளுக்கு வராது. குடிசையைச் சொன்னாள், இரண்டு ஆண்டெர்ஸையும் சொன்னாள், ஏப்ரல் மாதத்தைச் சொன்னாள். பென்சில் கோட்டையும் மறைக்கவில்லை. வெர்னா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. முப்பது வருஷப் பேருந்துக்காரி அவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் இருந்தது அநேகமாக அதுதான் முதல் தடவை.

கடைசியில் கேட்டாள்:

"மழை பெய்யும்போதும் வெளியிலதானா?"

"ஆமா. மரத்துக்கு அடியில."

"உள்ள எத்தனை நாற்காலி இருந்துது?"

"இப்ப இருக்கற அதே பன்னிரண்டுதான்."

வெர்னா எழுந்தாள். கல்லைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் சிரிப்பில் கோணிக்கொண்டு போனது.

"காத்து வாங்கினாராம்!" என்றாள். "கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ்! பாவி மனுஷன், பிள்ளைக்கு வேற எப்படித்தான் சொல்லுவாரு? எங்க மெர்ல் அதை நம்பி வாழ்நாள் பூரா பனியில உட்கார்ந்து சாண்ட்விச் தின்னிருக்கான்!"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் அவளுக்குப் புரையேறியது. ஒட்னி முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"இன்னொண்ணும் இருக்கு," என்றாள் ஒட்னி. "அந்த ஆண்டெர்ஸுக்கு ப்ரித்தான்னு ஒரு தங்கச்சி இருந்தா. இங்கேயே தங்கிட்டா. அவ என் கொள்ளுப்பாட்டி."

வெர்னா மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்போ மூணு நாளா நான் தப்பான ஆளைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு இருந்தேனா?"

"ஆமா."

"முன்னாடியே சொல்லக்கூடாதா? அந்தாளு தாடி வேற குத்துது."

ஒட்னிக்குக் கட்டிப்பிடித்துப் பழக்கமில்லை. தட்டை நீட்டினாள். வெர்னா ஒரு துண்டு ரொட்டி எடுத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் காட்டினாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அந்தக் கல்லில் ஒட்னி மீன் வெட்டியிருக்கிறாள், உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தாள். கல் சூடாக இருந்தது.

"உங்கப்பா எங்க இருக்காரு?" என்று கேட்டாள் வெர்னா, மென்றுகொண்டே.

"அதே கல்லறைத் தோட்டம். வடக்குச் சுவர் ஓரமா."

"இடம் இருக்கா?"

"ஒரு பேழைக்கு இருக்கு. அந்த இடம் என் பேர்லதான் இருக்கு. ஆனா அனுமதிக் காகிதம் தோர்லைவ் இடத்துக்குத்தான் வாங்கினது. அவரே பாதிரியாருக்கு ஃபோன் பண்ணி மாத்தச் சொன்னாத்தான் நாளைக்கு நடக்கும்."

"சொல்லுவாரா?"

"தெரியல," என்றாள் ஒட்னி. உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு முன்பக்கத்திலிருந்து சத்தம் கேட்டது. தோர்லைவ் கதவை மாட்டி, திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"வெர்னா! கதவு தயார்! மேகம் வர்றதுக்குள்ள வாங்க. ஒட்னி, கேமராவை எடுத்துட்டு வா!"

வெர்னா எழுந்து சமையலறை வழியாக உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் மரப்பேழை இருந்தது. அதைக் கல்லின்மேல், தான் உட்கார்ந்த இடத்துக்கும் ஒட்னிக்கும் நடுவே வைத்தாள். கோணலாக இருந்தது என்று நேர்ப்படுத்தினாள்.

"காத்து வாங்குடா," என்றாள் தம்பியிடம். பிறகு ஒட்னியின் பக்கம் திரும்பினாள். "அவரைக் கூப்பிடு. சாப்பிட வரச் சொல்லு. ஆனா வீட்டுக்குள்ள புகுந்து வர வேண்டாம். வெளியில சுத்திக்கிட்டு இந்தப் பக்கமா வரச் சொல்லு."

"தோர்லைவ்!" ஒட்னி குரல் கொடுத்தாள். "நாங்க கல்லுகிட்ட இருக்கோம். மெர்லும் இங்கதான் இருக்கான். சுத்திக்கிட்டு வா. ரொட்டி இருக்கு."

முன்பக்கப் படியில் பூட்ஸ் ஒருமுறை திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு, நாள் முழுக்க இழைத்த கதவு முனகாமல் மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது மட்டும்தான் காதில் பட்டது. அவர் உள்ளே போய்ச் சாத்தினாரா, வெளியே இறங்கிச் சாத்தினாரா என்று இந்தப் பக்கத்திலிருந்து சொல்ல முடியவில்லை.

வெர்னா வீட்டின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒட்னி மூன்றாவது துண்டு ரொட்டியை எடுத்து வெண்ணெய் தடவத் தொடங்கினாள்.